திரையில்லாத கணினிக்குக் கண் பரிசோதனை

ஒரு சர்வர் அறை. இரும்பு அடுக்குகளில் வரிசையாகக் கணினிகள். எதற்கும் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒவ்வொன்றுக்குள்ளும் பல மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இந்த நிமிஷம் லினக்ஸ் நிறுவப்படுகிறது. 'அடுத்து' என்றொரு பொத்தான் தோன்றுகிறது, அது அழுத்தப்படுகிறது. பயனர் பெயர் கேட்கிறது; எழுத்தெழுத்தாகத் தட்டப்படுகிறது. நடு இரவு. அறையில் ஆள் இல்லை. இல்லாத கணினியின் இல்லாத திரையை ஒரு நிரல் உற்றுப் பார்த்து, இல்லாத விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த நிரலுக்குக் கண்ணும் கையுமாக இருப்பது, மெய்நிகராக்க மென்பொருளுக்குள்ளேயே குடியிருக்கும் தொலைத்திரை சர்வர். அந்தக் கண் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று சோதிப்பது தனி வேலை. அதையும் நிரல்தான் செய்கிறது.

ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003-இல் வெளியிட்ட க்யூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இன்று லினக்ஸ் உலகில் மெய்நிகர் கணினி என்றால் பெரும்பாலும் அடியில் இதுதான் இருக்கும். உள்ளே ஓடும் இயங்குதளம், தனக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதாக நம்பி, அதன் நினைவகத்தில் வண்ணங்களை எழுதுகிறது. நிஜத்தில் அந்த நினைவகம் வெளிக் கணினியின் ரேமில் ஒரு துண்டு. அதை யாராவது எடுத்துக் காட்டினால்தான் உண்டு. 2006-இல் க்யூஎமுவுக்குள் விஎன்சி என்ற வகைத் தொலைத்திரை சர்வர் ஒன்று சேர்க்கப்பட்டது. அது அந்தத் துண்டைப் படித்து, கேட்கிறவர்களுக்கு நெட்வொர்க் வழியே அனுப்பும்.

விண்டோஸிலோ லினக்ஸிலோ நாம் நிறுவிக்கொள்ளும் திரைப்பகிர்வு மென்பொருளும் இதைத்தானே செய்கிறது என்று தோன்றலாம். அது இயங்குதளத்துக்குள் ஓடுவது. இயங்குதளம் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அதற்கு உயிர். க்யூஎமுவின் சர்வரோ உள் கணினிக்கு வெளியே நிற்கிறது. பயாஸ் எழுத்துகள், பூட் லோடரின் பட்டியல், கர்னல் பேனிக் ஆகி உறைந்துபோன கறுப்புத் திரை, எல்லாமே அதற்குத் தெரியும். நோயாளி மயங்கிக் கிடந்தாலும் பார்த்துச் சொல்லக்கூடிய கண். இயங்குதளத்தைச் சோதிக்கிறவர்கள் இதை விரும்புவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

விஎன்சி பிறந்த ஊர் கேம்பிரிட்ஜ். அங்கே ஒலிவெட்டி நடத்திய ஆய்வகத்தில் 1990-களில் உருவானது. ரிச்சர்ட்சன், ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், வுட், ஹாப்பர் ஆகிய நால்வர் எழுதிய அறிமுகக் கட்டுரை 1998-இல் வெளியாயிற்று. இவர்களில் குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசருக்கு இன்னொரு புகழும் உண்டு. கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில் காபி எடுக்க மாடி ஏறி வந்து, காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்து திரும்பிய ஆய்வாளர்களுக்காக, 1991-இல் அந்தக் காபிப் பாத்திரத்தின் எதிரே கேமரா வைத்தவர்களில் அவரும் ஒருவர். 128-க்கு 128 புள்ளிகள், வெறும் சாம்பல் நிறம். எங்கோ இருக்கும் ஒன்றின் தோற்றத்தை, வேண்டும்போது மட்டும் எடுத்துப் பார்ப்பது. விஎன்சியின் குணமும் ஏறக்குறைய இதுதான் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

'வேண்டும்போது மட்டும்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சோதனையின் பாதிச் சிக்கல் அதில்தான். விஎன்சியின் பேச்சுமொழிக்கு ஆர்எஃப்பி என்று பெயர். 2011-இல் ஆர்எஃப்சி 6143 என்ற ஆவணமாகப் பதிப்பிக்கப்பட்டது. இணைப்பு கிடைத்ததும் சர்வர்தான் முதலில் வாய் திறக்கும்: 'ஆர்எஃப்பி 003.008' என்று சரியாக 12 பைட். மறுமுனையில் இருந்து பார்க்கும் நிரலான வியூவர் தன் பங்குக்கு 12 பைட்டில் பதில் சொல்லும். கடவுச்சொல் சடங்கு முடிந்ததும் சர்வர் தன் திரையின் அகலம், உயரம், வண்ண அமைப்பு, பெயர் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். அதற்குப் பிறகு மௌனம். வியூவர் 'திரையில் மாற்றம் இருந்தால் கொடு' என்று கேட்டால்தான் படம் வரும். கேட்காதவரை சர்வர் அனுப்பக் கூடாது. மெதுவான இணைப்பில் இருப்பவர் மெதுவாகக் கேட்பார். இடையில் தோன்றி மறைந்த காட்சிகள் அவருக்கு வரவே வராது. அதில் தவறும் இல்லை.

முழுத் திரையை ஒவ்வொரு முறையும் அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1024-க்கு 768 திரை, ஒரு பிக்சலுக்கு 4 பைட்: 31,45,728 பைட். நொடிக்கு 30 முறை என்றால் 94 மெகாபைட்டுக்கு மேல். ஒரு கிகாபிட் இணைப்பை ஒற்றை மெய்நிகர் கணினியே முக்கால்வாசி விழுங்கிவிடும். எனவே மாறிய இடத்தை மட்டும் செவ்வகங்களாக வெட்டி அனுப்ப வேண்டும். எது மாறியது என்று கண்டுபிடிக்க, க்யூஎமு திரையின் ஒவ்வொரு வரியையும் 16 பிக்சல் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பிட் என்று குறித்துக்கொள்கிறது. 1024-க்கு 768 திரைக்கு 49,152 பிட்; அதாவது 6 கிலோபைட். கறிவேப்பிலைக் கொத்து அளவுகூட இல்லை. ஆனால் அதில் ஒரு பிட் தவறினால், மூடிய ஜன்னலின் ஒரு கீற்று திரையில் பேய்போல் ஒட்டிக்கொண்டு நிற்கும். மடிக்கணினிகளில் வெகுகாலம் கோலோச்சிய 1366 பிக்சல் அகலத்தை 16-ஆல் வகுத்தால் 85 துண்டும் மீதி 6 பிக்சலும் வரும். அந்த மீதி ஆறை மறந்துவிடும் நிரலாளர் எப்போதும் பிறந்துகொண்டேயிருக்கிறார். சோதனை எழுதுகிறவர் அதனால்தான் 1024, 800 என்ற நல்ல பிள்ளைகளை விட்டுவிட்டு இப்படிப்பட்ட கோணல் எண்களைத் தேடிப் பிடிக்கிறார்.

இனி அந்த நடு இரவு நிரலுக்கு வருவோம். ஓப்பன்சூசே லினக்ஸ் குழுவினர் உருவாக்கிய ஓப்பன்க்யூஏ என்ற கருவி இந்த வகையில் பிரபலமானது. டம்பிள்வீட் என்னும் அவர்களுடைய பதிப்பின் ஒவ்வொரு புதிய வெளியீடும் இதன் சோதனையில் தேறித்தான் மக்களிடம் போகிறது. ஃபெடோராவும் இதைப் பயன்படுத்துகிறது. கருவி க்யூஎமுவைக் கிளப்பும், அதன் விஎன்சி சர்வருடன் இணைந்து திரையைப் பார்க்கும். எதைப் பார்க்க வேண்டும் என்பதற்குச் சின்னச் சின்ன மாதிரிப் படங்களை முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஊசி'. திரைதான் வைக்கோல் போர். ஒவ்வொரு ஊசியோடும் ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும்: படத்தில் இந்தப் பகுதி பொருந்த வேண்டும், இந்தப் பகுதியைக் கண்டுகொள்ளாதே. கடிகாரம் காட்டும் மூலை பெரும்பாலும் 'கண்டுகொள்ளாதே' பட்டியலில்தான் இருக்கும்.

பொருத்தம் நூற்றுக்கு நூறாக இருக்க வேண்டியதில்லை; வழக்கமான வரம்பு 96 சதவீதம். இந்த நாலு சதவீதச் சலுகை ஏன் என்றால், எழுத்தின் விளிம்பை மழுப்பும் முறை ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மயிரிழை மாறும். ஆனால் சலுகை கொடுத்தாலும் தொல்லை தீராது. மவுஸ் அம்பு தற்செயலாகப் பொத்தான் மேல் நின்றுவிட்டால் பொத்தானின் நிறம் மாறிவிடும், ஊசி பொருந்தாது. எழுத்துப் பெட்டியில் கர்சர் கண் சிமிட்டும். படம் எடுத்த கணத்தில் கண் மூடியிருந்தால் ஒரு தோற்றம், திறந்திருந்தால் வேறு தோற்றம். பத்து முறை ஓட்டினால் ஒன்பது முறை தேறி, ஒருமுறை காரணமே இல்லாமல் தோற்கும் சோதனையைப் போல் எரிச்சலூட்டுவது எதுவுமில்லை. எப்போதும் தோற்பதை ஒரு நாளில் திருத்திவிடலாம். பத்தில் ஒருமுறை தோற்பதை 'இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள்.

புதிதாகச் சோதனை எழுதுகிறவர்கள் இதற்குக் கையாளும் மருந்து, 'ஐந்து நொடி பொறு' என்று நிரலில் எழுதுவது. தன் மேசைக் கணினியில் ஐந்து நொடி தாராளம். இருபது சோதனைகள் ஒரே நேரத்தில் முட்டி மோதும் சர்வரில் அதே வேலைக்கு ஒன்பது நொடி ஆகும். உடனே ஐந்தைப் பதினைந்தாக்குவார்கள். ஆயிரம் இடங்களில் பதினைந்து நொடி என்றால் நாலு மணி நேரம் சும்மா காத்திருப்பதிலேயே போய்விடும். சரியான வழி, நேரத்தை எண்ணாமல் காட்சிக்காகக் காத்திருப்பது: இந்த ஊசி தெரியும்வரை பார்த்துக்கொண்டே இரு, 30 நொடியில் தெரியாவிட்டால் தோல்வி என்று எழுது. அரிசி வேக எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதுபோல.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணைப் பயன்படுத்தி இயங்குதளத்தைச் சோதிப்பது. கண்ணையே சோதிப்பது எப்படி?

க்யூஎமுவின் மூலநிரலோடு கூடவே அதன் விஎன்சி சர்வருக்கான சோதனைகளும் வருகின்றன. பைத்தானில் எழுதிய ஒரு சிறு தொகுப்பு, க்யூஎமுவுக்கு உத்தரவு போடும் க்யூஎம்பி என்ற பின்வாசல் வழியாகக் கேள்விகள் கேட்கிறது. விஎன்சி இல்லாமல் கிளப்பினால் 'இல்லை' என்று ஒத்துக்கொள்கிறதா? கடவுச்சொல் வசதி இல்லாமல் திறந்துவிட்ட சர்வருக்கு நடுவில் கடவுச்சொல் வைக்க முயன்றால் என்ன செய்கிறது? இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. 'சரி, வைத்துவிட்டேன்' என்று அது சொல்லக் கூடாது. சொன்னால் நிர்வாகி பூட்டு மாட்டிய நிம்மதியில் தூங்கப் போய்விடுவார். கதவோ திறந்தே கிடக்கும். எனவே சர்வர் மறுக்க வேண்டும், சோதனை அந்த மறுப்பைத்தான் வெற்றியாக எண்ணிக்கொள்ளும்.

அதே தொகுப்பில் இன்னொன்று: காலியாக உள்ள மூன்று போர்ட்டுகளைத் தேடிப் பிடித்து, முதலாவதில் சர்வரைத் திறக்கும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இனி இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கேள்' என்று உத்தரவிடும். பழைய வாசல் மூடியிருக்கிறதா, புதியவை இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று தட்டிப் பார்க்கும். விஎன்சியின் போர்ட் 5900-இல் தொடங்கும். 1-ஆம் திரை 5901, 2-ஆம் திரை 5902. ஒரே கணினியில் பல சோதனைகள் இணையாக ஓடும்போது எல்லோரும் 5901-க்கு அடித்துக்கொண்டால் தகராறுதான். அதற்காகவே '999 வரை எது காலியோ அதை எடுத்துக்கொள்' என்றொரு வசதி உண்டு. சி மொழியில் எழுதிய வேறொரு சோதனை போர்ட்டே வேண்டாம் என்கிறது. இரு முனைகள் கொண்ட ஒரு குழாயை உருவாக்கி, ஒரு முனையை க்யூஎமுவிடமும் மறுமுனையை விஎன்சி நிரலகம் ஒன்றிடமும் கொடுத்து, கைகுலுக்கல் ஒழுங்காக முடிகிறதா என்று பார்க்கிறது. நெட்வொர்க்கே கிடையாது, எனவே நெட்வொர்க் மேல் பழி போடவும் முடியாது.

படம் சரியா என்பது அடுத்தது. இதற்கு இரண்டாவது சாட்சி வேண்டும். க்யூஎம்பியில் 'திரையை ஒரு கோப்பாக எழுது' என்று ஓர் உத்தரவு உண்டு. அது விஎன்சியின் பக்கமே போகாமல் படம் எடுத்துத் தரும். விஎன்சி வழியே ஆயிரம் துண்டுகளாக வந்து வியூவரில் ஒட்டிச் சேர்ந்த படத்தையும் இந்தக் கோப்பையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால், விட்டுப்போன துண்டு உடனே மாட்டிக்கொள்ளும். இங்கே 96 சதவீதச் சலுகையெல்லாம் கிடையாது. ஆனால் ஜேபெக் போல் விவரத்தைக் கொஞ்சம் இழந்து சுருக்கும் முறையை முதலில் அணைத்துவிட வேண்டும். ஒரே திரையை அப்படியே அனுப்பும் முறை, ஹெக்ஸ்டைல், இசட்ஆர்எல்இ என்று பல சுருக்க முறைகளில் மூன்று வியூவர்கள் ஒரே நேரத்தில் பார்க்கட்டும். மூவருக்கும் ஒரே படம் கிடைக்க வேண்டும். ஒருவருக்குச் சிவப்பு நீலமாகத் தெரிந்தால், பைட்டுகளை வரிசை மாற்றி அடுக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

உள் கணினி எழும் நேரம் இன்னொரு பொறி. எழுத்துத் திரை 720-க்கு 400. கர்னல் வந்ததும் திரை திடீரென 1024-க்கு 768 ஆகும். வியூவருக்கு அளவு மாற்றத்தைச் சொல்லாமல் புதிய அளவில் செவ்வகம் அனுப்பினால், இல்லாத இடத்தில் வரையப்போய் அது குப்புற விழும்.

விசைப்பலகை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆர்எஃப்பியில் ஒரு விசைத் தட்டு 8 பைட் செய்தி. அதில் போவது 'எந்த இடத்து விசை' என்பதல்ல, 'எந்த எழுத்து' என்பது. உள் கணினிக்கோ இடம்தான் தெரியும். நடுவில் க்யூஎமு எழுத்தை மறுபடி இடமாக மொழிபெயர்க்க வேண்டும். வியூவரில் தமிழ்99 வைத்துக்கொண்டு 'எச்' விசையைத் தட்டினால் புறப்படுவது 'க' என்ற எழுத்து. அமெரிக்க விசைப்பலகைப் பட்டியலை வைத்திருக்கும் சர்வர் 'க எந்த விசை?' என்று விழித்து, அந்தத் தட்டையே கைவிட்டுவிடும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இதே தொல்லை 'ஏ'யும் 'க்யூ'வும் இடம் மாறுவதாக வரும். இதைத் தீர்க்கத்தான் விசையின் இடத்தையும் சேர்த்து அனுப்பும் ஒரு நீட்சியை க்யூஎமு கொண்டுவந்தது. சோதனையில் கேட்க வேண்டிய குறும்பான கேள்வி ஒன்று: ஷிஃப்ட்டை அழுத்தியபடியே இணைப்பைத் துண்டித்தால்? விரலை எடுத்த செய்தி வரவே வராது. அடுத்து வருகிறவர் தட்டுவதெல்லாம் பெரிய எழுத்தாக விழக் கூடாது. பிரியும்போது எல்லா விசைகளையும் சர்வரே தூக்கிவிட வேண்டும்.

நல்லவர்களை வைத்துச் செய்யும் சோதனை இவ்வளவுதான். கெட்டவர்களை வைத்துச் செய்வதுதான் ருசிகரம், ஏனென்றால் நிஜ வழுக்கள் அங்கேதான் கிடைத்திருக்கின்றன. படம் கேட்டுக் கேட்டு, வந்ததை வாங்காமலே உட்கார்ந்திருக்கும் வியூவரை நினைத்துப் பாருங்கள். சர்வர் அனுப்ப வேண்டியதை நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போகும். க்யூஎமு 2.11 வரை அதற்கு உச்சவரம்பு இல்லாமலிருந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2017-15124 என்ற எண்ணில் அது பதிவாகித் திருத்தப்பட்டது. 2022-இல் ஒன்று: கிளிப்போர்டு உரையை அனுப்பும் செய்தியில் நீளத்தைக் கோணலாகக் குறிப்பிட்டால் கழித்தல் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், க்யூஎமு பதில் சொல்லாமல் உறைந்துவிடும். 2023-இல் இன்னொன்று: அளவுக்கு மீறி இணைப்புகள் வந்தால் பழையதை வெட்டிவிடுவது சர்வரின் வழக்கம், அந்தப் பழையது கைகுலுக்கலின் நடுவில் இருந்து, அதுவும் அதே நேரத்தில் தோற்றால், ஒரே இணைப்பை இரண்டு முறை துடைக்கப் போய் சர்வர் செத்துவிடும். கடவுச்சொல்கூடத் தேவையில்லை.

சர்வர் தனி நிரலாக இருந்தால் அது மட்டும் விழும். இது க்யூஎமுவின் வயிற்றுக்குள் இருப்பது. இது விழுந்தால் மெய்நிகர் கணினியே போயிற்று, யாரோ ஒருவரின் தரவுத்தளமும் சேர்ந்து. விஎன்சி குடும்பத்தின் வேறு நான்கு மென்பொருள்களை 2019-இல் காஸ்பர்ஸ்கி ஆராய்ந்தபோது 37 ஓட்டைகள் கிடைத்தன. சில இருபது ஆண்டுகளாக உள்ளே உறங்கியவை. மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதும் சோதனையில் இவை அகப்படுவது அபூர்வம். எந்த ஒழுங்கான மனிதரும் அனுப்பாத செய்திகள் இவை. அதனால் ஒழுங்கான உரையாடல் ஒன்றை எடுத்து, அதன் பைட்டுகளை இஷ்டத்துக்குக் கலைத்துக் கலைத்து லட்சக்கணக்கான முறை ஊட்டிப் பார்க்கும் ஃபஸ்ஸர் என்ற வகை நிரலை ஏவிவிடுகிறார்கள். எந்தக் கலைப்பு சர்வரின் புதிய கிளைப்பாதைக்குள் நுழைந்ததோ அதை வைத்துக்கொண்டு மேலும் கலைக்கும். குழந்தையிடம் பொம்மையைக் கொடுத்துவிட்டு எங்கே உடைகிறது என்று குறித்துக்கொள்வது மாதிரிதான். இந்தக் குழந்தைக்கு அலுப்பு வராது.

படத்துக்கு இரண்டாவது சாட்சி என்று மேலே சொன்னேன். அதில் ஒரு பொத்தல் உண்டு. விஎன்சி சர்வரும் சரி, கோப்பாக எழுதும் உத்தரவும் சரி, உள் கணினியின் அதே நினைவகத் துண்டிலிருந்துதான் படத்தை எடுக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டைப் போலி செய்யும் நிரலே அந்தத் துண்டில் தப்பாக வரைந்திருந்தால், இரண்டு சாட்சியும் ஒரே குரலில் ஒரே பொய்யைச் சொல்லும். சோதனை பச்சை விளக்குக் காட்டும்.

அதற்கு, விடை முன்பே தெரிந்த ஒரு காட்சி வேண்டும். பெரிய இயங்குதளம் எதற்கு? பயாஸ் படிக்கும் முதல் பகுதி 512 பைட். கடைசி இரண்டு பைட்டும் பதினாறு அடிமான எண்களில் 55, ஏஏ என்று முடியாவிட்டால் பயாஸ் அதை இயக்காது. மிச்சம் 510. அதற்குள் திரையை 1024-க்கு 768 கிராஃபிக்ஸுக்கு மாற்றி, எந்தப் புள்ளியில் எந்த வண்ணம் என்று ஒரு சூத்திரப்படி நிரப்பும் குட்டி நிரலை அடக்கிவிடலாம். சோதனை எழுதுகிறவரிடமும் அதே சூத்திரம் இருக்கிறது. வந்த படத்தை யாருடைய சாட்சியோடும் ஒப்பிடாமல் கணக்கோடு ஒப்பிடுகிறார். அது தேறியதும், அதே நிரல் கடைசி வரியின் வலது ஓரத்தில் ஒரே ஒரு பிக்சலை மட்டும் நிறம் மாற்றும். சுற்றிலும் எதுவும் அசையாது. 49,152 பிட்டுகளில் ஒரே ஒரு பிட் எழுந்து நிற்க வேண்டும்; ஒரு சின்னஞ்சிறு செவ்வகம் கிளம்பி வியூவரிடம் வந்து சேர வேண்டும்.